கறுப்பின் மேல் வெள்ளை நிற்பது எப்படி?

ஸ்கெட்ச் பேனாப் பெட்டியில் பன்னிரண்டு நிறம் இருக்கும், இருபத்து நான்கு நிறம் இருக்கும். வெள்ளை மட்டும் இருக்காது. பெயின்ட் மார்க்கர் பெட்டியிலோ முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் வெள்ளைதான். கறுப்புத் தாள், கூழாங்கல், கண்ணாடிப் பாட்டில், மண்பானை என்று எதன் மேலும் கீழே இருப்பதை மறைத்துக்கொண்டு அது நிற்கும். ஜப்பானின் மிட்சுபிஷி பென்சில் நிறுவனம் 1983இல் 'போஸ்கா' மார்க்கர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அதே வகைப் பேனாக்களைப் பல நிறுவனங்கள் தயாரிக்கின்றன. நம் ஊர் ஸ்டேஷனரிக் கடைகளிலும் அவை கிடைக்கின்றன.

ஆசையாக வாங்கியவர்கள் பலருக்கும் முதல் படத்திலேயே மனம் சோர்ந்துவிடுகிறது. வண்ணம் திட்டுத்திட்டாக விழுகிறது, அடியில் உள்ள கறுப்பு எட்டிப் பார்க்கிறது, மேலே இன்னொரு கோட் கொடுத்தால் கீழ்க் கோட் உரிந்து வருகிறது. உடனே கை அழுத்தத்தைக் கூட்டுகிறது. அழுத்தத்தால் ஆவது ஒன்றுமில்லை. மறைப்பது மையின் கனம் மட்டும் அல்ல, மைப் படலத்துக்குள் ஒளி படும் பாடும்தான். அதைப் புரிந்துகொண்டால் எந்த நிறத்தை முதலில் போடுவது, எத்தனை கோட் கொடுப்பது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

கரைவதும் கரையாததும்

ஸ்கெட்ச் பேனாவில் இருப்பது சாயம். நீரில் முழுவதுமாகக் கரைந்த பொருள் அது. தன்மேல் விழும் ஒளியில் சில நிறங்களை விழுங்கி, மற்றவற்றை விட்டுவிடும். விழுங்க மட்டுமே தெரிந்த ஒன்றால், எல்லா நிறங்களையும் திருப்பி அனுப்பும் வெள்ளையை உண்டாக்க முடியாது. பெட்டியில் வெள்ளை இல்லாததற்குக் காரணம் இதுதான்.

பெயின்ட் மார்க்கரில் இருப்பது நிறமி: கரையாமல் திரவத்தில் மிதக்கும் நுண்துகள்கள். ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் நுழையும்போது வளைகிறது, அதில் ஒரு பகுதி திரும்பியும் விடுகிறது. இரண்டு பொருள்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையே வேறுபாடு அதிகமாக இருந்தால் இந்தச் சிதறலும் அதிகமாகும். இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை, வாசலில் போடும் மாக்கோலம் போதும். அரைத்த பச்சரிசி மாவில் இழை இழுக்கும்போது கோடு மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகே பளீரென்று வெளுக்கும். மாவுச்சத்தின் ஒளிவிலகல் எண் சுமார் 1.53, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. ஈரத்தில் மாவுக்கும் நீருக்கும் இடையே வேறுபாடு சிறிது. நீர் வெளியேறிக் காற்று அந்த இடத்தைப் பிடித்ததும் வேறுபாடு பெருகுகிறது, வெண்மையும் பெருகுகிறது.

மார்க்கர் மையில் துகள்களைப் பிடித்து வைக்க அக்ரிலிக் போன்ற பிசின் இருக்கிறது. அது காய்ந்த பின்னும் துகள்களைச் சூழ்ந்திருக்கும், காற்றுக்கு இடம்விடாது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. மாவையோ சுண்ணாம்புத் தூளையோ அதற்குள் போட்டால் ஏறக்குறையக் கண்ணாடிபோல ஆகிவிடும். பிசினுக்குள் இருந்தும் ஒளியைச் சிதறடிக்க வேண்டுமானால் அதைவிட மிக உயர்ந்த எண் கொண்ட துகள் தேவை.

கறுப்பு மணலில் பிறந்த வெள்ளை

அந்தத் துகள் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ரூட்டைல் வடிவத்துக்கு ஒளிவிலகல் எண் சுமார் 2.7, வைரத்தின் 2.42ஐயும் மிஞ்சியது. துகளின் அளவையும் 200 முதல் 300 நானோமீட்டருக்குள் வைத்துத் தயாரிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதி இது. இந்த அளவில்தான் சிதறல் உச்சத்தில் இருக்கும். முதல் உலகப் போர்க் காலத்தில் நார்வேயிலும் அமெரிக்காவிலும் இதன் தொழில்முறை உற்பத்தி தொடங்கியது. அதற்கு முன் ஓவியர்களும் சுவர்களுக்கு வண்ணம் அடிப்பவர்களும் நச்சுத்தன்மை கொண்ட ஈய வெள்ளையைத்தான் பெரிதும் நம்பியிருந்தார்கள்.

இந்த வெண்மைக்கு முக்கிய மூலப்பொருள் இல்மனைட் என்னும் கருமணல். கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலும் இலங்கையின் புல்மோட்டையிலும் அது கிடைக்கிறது. அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்துச் சுத்திகரித்தால் உலகின் மிக வலிமையான வெள்ளை நிறமி கிடைக்கிறது.

எத்தனை கோட்?

படலத்தின் கனத்துக்கும் மறைப்புத் திறனுக்கும் உள்ள உறவை 1931இல் பால் குபெல்கா, பிரான்ஸ் முங்க் ஆகிய இருவரும் சமன்பாடாக்கினார்கள். பெயின்ட், காகிதம், துணிச்சாயத் துறைகளில் இன்றும் அது பயன்படுகிறது. கறுப்புத் தாளில் வெள்ளை பூசுகிறோம், அந்த வெள்ளை ஒளியைச் சிதறடிக்கிறதே தவிர விழுங்குவதில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோட் பாதி ஒளியை, அதாவது 50 சதவீதத்தைத் திருப்பி அனுப்பினால், அதே கனத்தில் இரண்டு கோட் 67 சதவீதத்தையும், மூன்று கோட் 75 சதவீதத்தையும், நான்கு கோட் 80 சதவீதத்தையும் திருப்பி அனுப்பும். ஒரே கோட்டில் 80 சதவீதம் தரக்கூடிய நல்ல வெள்ளையாக இருந்தால், இரண்டாவதில் 89, மூன்றாவதில் 92.

இந்த எண்கள் சொல்வது தெளிவு. முதல் கோட்டின் ஆதாயம் மிகப் பெரியது, இரண்டாவதின் ஆதாயம் கணிசமானது, அதற்குப் பிறகு மையும் நேரமும்தான் செலவாகும். மங்கலான வெள்ளையை நான்கு முறை பூசினாலும், நல்ல வெள்ளையின் ஒரே கோட்டுக்குத்தான் அது சமமாகும்.

அப்படியானால் இரண்டு கோட்டின் மையை ஒரேயடியாகக் கொட்டிவிடலாமே? கூடாது. மார்க்கர் முனை நகரும்போது மையை நடுவிலிருந்து இரு ஓரங்களுக்கும் தள்ளுகிறது. ஓரத்தில் மேடு, நடுவில் பள்ளம். பள்ளத்தில் படலம் மெலிந்து, அங்கே கறுப்பு தெரிகிறது. முதல் கோட்டை இடமிருந்து வலமாகவும், அது காய்ந்தபின் இரண்டாவதை மேலிருந்து கீழாகவும் போட்டால் பள்ளங்கள் நிரம்பிவிடும்.

மஞ்சளுக்கு ஒரு மெத்தை

எல்லா நிறங்களும் ஒரேபோல மறைப்பதில்லை. கரிக்கறுப்பு ஒளியை அப்படியே விழுங்கி மறைக்கிறது. அதற்கு ஒரு கோட் போதும். இளநீலம், ரோஜா, பிஸ்தா போன்ற வெளிர் நிறங்களில் டைட்டானியம் வெள்ளை கலந்திருப்பதால் அவையும் நன்றாக மறைக்கும். தகராறு செய்பவை பளிச்சிடும் மஞ்சள், ஆரஞ்சு, ஒளிரும் நிறங்கள். இவற்றில் பலவும் கரிம நிறமிகள். அவற்றின் ஒளிவிலகல் எண் பிசினுக்கு நெருக்கமானது, ஆகவே ஒளியைச் சிதறடிக்கும் திறன் குறைவு. கறுப்பின் மேல் மஞ்சளை எத்தனை முறை பூசினாலும் பாசிப்பச்சைபோல மங்கியே கிடக்கும். முதலில் வெள்ளையில் ஒரு கோட், காய்ந்ததும் மேலே மஞ்சளில் ஒரு கோட் என்றால் நிறம் துள்ளி எழும். ஒளியைத் திருப்பும் வேலையை வெள்ளையும் வடிகட்டும் வேலையை மஞ்சளும் பங்கிட்டுக்கொள்கின்றன.

கறுப்பின் மேல் மெல்லிய வெள்ளை சற்று நீலம் பாரித்துத் தெரிவதையும் கவனித்திருப்பீர்கள். நுண்துகள்கள் சிவப்பைவிட நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதே காரணம். நிலவொளி, மூடுபனி, தூரத்து மலை ஆகியவற்றை வரைபவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்தலாம்; நீல மை தேவையே இல்லை.

காத்திருப்பும் குலுக்கலும்

மையில் பிசின் நுண்ணிய உருண்டைகளாக நீரில் மிதக்கிறது. நீர் ஆவியாக ஆவியாக உருண்டைகள் நெருங்கி, ஒன்றையொன்று நசுக்கி, கடைசியில் ஒரே ஏடாக இணைகின்றன. அந்த இணைப்பு முடிந்த ஏட்டை அடுத்த கோட்டின் நீர் எளிதில் கரைப்பதில்லை. பாதியில் கைவைத்தால் மேலே ஏடும் கீழே ஈரமுமாக இருக்கும். முனை பட்டதும் ரப்பர் துகள்போலச் சுருண்டு உரியும். மழைக்காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் கூடுதல் நேரம் விட வேண்டும். நிறம் சரியா என்பதையும் காய்ந்த பிறகே முடிவு செய்யுங்கள். ஈரத்தில் பிசின் உருண்டைகள் பால்போல வெளுத்திருக்கும். இணைந்ததும் தெளிந்து, நிறம் ஒரு படி அடர்த்தியாகும்.

டைட்டானியம் டை ஆக்சைடு நீரைப்போல நான்கு மடங்குக்கும் மேல் அடர்த்தி கொண்டது. பேனா சும்மா இருந்தால் அது அடியில் படிந்துவிடும். அப்படியே எழுதினால் வருவது பெரும்பாலும் பிசின் நீர்தான். உள்ளே உருளும் குண்டின் சத்தம் கேட்கும்வரை மூடியோடு நன்றாகக் குலுக்குங்கள். முனையை அழுத்தி மையை வரவழைக்கும் வேலையைப் படத்தின் மேல் செய்யாமல் வேறு தாளில் செய்யுங்கள். அழுத்தும்போது உள்ளிருக்கும் வால்வு திறந்து மை குபுக்கென்று கொட்டக்கூடும்.

உங்கள் பேனாவின் திறனை அறிய ஒரு சோதனை இருக்கிறது. வெள்ளைத் தாளில் விரலகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை தீட்டிக் காயவிடுங்கள். அதன் குறுக்கே வெள்ளையில் ஒரு கோட், இரண்டு, மூன்று, நான்கு என்று பக்கம் பக்கமாகப் போடுங்கள். அடுத்ததாக வெறும் மஞ்சளில் இரண்டு கோட், அதற்குப் பக்கத்தில் வெள்ளையின் மேல் மஞ்சள். பெயின்ட் தொழிற்சாலைகளும் பாதி கறுப்பு, பாதி வெள்ளை அச்சிட்ட அட்டையில்தான் மறைப்புத் திறனை அளக்கின்றன. கறுப்பின் மேலும் வெள்ளையின் மேலும் கிடைக்கும் பிரதிபலிப்பின் விகிதம் 98 சதவீதத்தை எட்டினால் முழு மறைப்பு என்று கொள்கின்றன. இந்தச் சோதனையை ஓவிய ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் சேர்ந்து ஒரே வகுப்பில் நடத்த வேண்டும் என்பது என் விருப்பம். ஒளிவிலகல் எண் என்பது தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் எண் அல்ல, தான் வரைந்த பூவின் மஞ்சளைத் தீர்மானிக்கும் எண் என்பதை மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள்.