ஒற்றைக் கண் வண்டி

மாணவர்கள் வீட்டுப் பாடத்தை மறுநாளைக்கு ஒத்திப்போட்டால் கோபித்துக்கொள்வது உபாத்தியாயர்களுக்கு இயல்பு. இருபது வருஷமாக அந்தத் தொழிலை ஒழுங்காகச் செய்துவருகிறேன். ஆனால் என் சொந்தக் காரியம் ஒன்றை நானே பத்து நாள் ஒத்திப்போட்டதனால் விளைய இருந்த விபரீதத்தை நினைத்தால் இன்றும் உடம்பு நடுங்குகிறது.

எங்கள் வீட்டு மோட்டார் வண்டி பன்னிரண்டு வயதானது, சிறியது, சாது. சென்ற தை மாதத்தில் ஒரு நாள் மாலை, "அப்பா, வலப்பக்கத்து முன் விளக்கு எரியவில்லை" என்று என் மகள் சொன்னாள். பட்டறைக்காரரைக் கேட்டேன். ஒரு நாள் முழுவதும் வண்டியை விட்டுச் செல்லவேண்டும் என்றார். பரீட்சைத்தாள் திருத்தும் சமயம். "இன்னொரு விளக்குத்தான் எரிகிறதே!" என்று சமாதானம் செய்துகொண்டேன்.

பத்தாம் நாள் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்து, இரவு பத்து மணிக்குக் கும்பகோணம் நோக்கித் திரும்பினோம். முன்னால் நானும் மகளும். பின்னால் என் தாயாரும் மனைவியும். குத்தாலத்தைத் தாண்டியதும் எதிரே ஒரு லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்றை முந்திக்கொண்டு நேரே எங்கள் பக்கமாகவே வந்தது. விலகும் என்று நினைத்தேன், விலகவில்லை. கடைசி நிமிஷத்தில் வண்டியைச் சாலையோரத்து மண்ணில் இறக்கி நிறுத்தினேன். இன்னும் ஒரு முழம் இறங்கியிருந்தால் வாய்க்கால்.

லாரிக்காரர் சற்றுத் தூரத்தில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று எண்ணினேன். அவரோ கை நடுங்க, "ஸார், பைக்குன்னு நெனச்சுட்டேன் ஸார்! ஓரமா ஒரு லைட்டுதானே தெரிஞ்சுது!" என்றார்.

அவர் சொன்னது நியாயம். நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமாகச் செல்கிறோம். எங்கள் வண்டியில் அவிந்துபோனது சாலை நடுவை ஒட்டிய வலது விளக்கு. எரிந்தது ஓரத்து விளக்கு. எதிரே வருகிறவருக்கு அது ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிளாகவே தோன்றும். அதற்கு வலப்பக்கத்தில் நாலைந்து அடி அகலத்துக்கு இருட்டிலே ஒரு வண்டியும் நாலு உயிரும் இருப்பதை அவர் எப்படி அறிவார்? முன் விளக்கு நாம் பார்ப்பதற்கு மட்டும் அல்ல. நம்மைப் பிறர் பார்ப்பதற்கும்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

என் தாயார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏன்டா கண்ணு, இந்த விளக்கு என்ன விலை இருக்கும்?" நான் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிக்குள்ளே நடப்பது

மறுநாள் காலை நானும் மகளும் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் புரட்டினோம். எங்கள் வண்டிக்கு உரியது ஹெச் 4 என்னும் ஹாலஜன் பல்பு. 12 வோல்ட், 60/55 வாட் என்று இருந்தது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள். ஒன்று தூரத்து ஒளிக்கு. மற்றொன்று தாழ்ந்த ஒளிக்கு.

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் கார்பைடுக் கல்லின்மேல் நீரைச் சொட்டவிட்டு, அதில் எழும் அஸிடிலின் வாயுவைக் கொளுத்தி வெளிச்சம் உண்டாக்கினார்கள். பிறகு மின்சார பல்பு வந்தது. அதனுள் இருப்பது டங்ஸ்டன் உலோக இழை. 3,400 டிகிரிக்கு மேல்தான் உருகும் உலோகம் அது. ஆயினும் எரிய எரிய அதிலிருந்து அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படியும். பழைய பல்புகள் நாளடைவில் கறுத்துப்போனது இதனால்தான்.

ஹாலஜன் பல்பில் அயோடின் அல்லது புரோமின் மிகச் சிறிதளவு சேர்த்திருக்கிறார்கள். ஆவியான டங்ஸ்டனோடு அது கூடி, மீண்டும் இழையருகே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஐரோப்பாவில் 1962-இல் ஹெச் 1 பல்பும், 1971-இல் இரண்டு இழைகள் கொண்ட ஹெச் 4 பல்பும் வந்தன. திரும்பி வரும் டங்ஸ்டன், புறப்பட்ட இடத்திலேயே போய் உட்காருவதில்லை. ஆகையால் ஏதோ ஓரிடத்தில் இழை மெலிந்துகொண்டே போய், ஒரு நாள் சாலைக் குலுக்கலில் அறுந்துவிடுகிறது. எந்த பல்புக்கும் முடிவு அதுதான்.

தாழ்ந்த ஒளிக்கு உரிய இழையின் அடியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்ப்பக்கத்து ஒளியை மறைத்துவிடும். மேற்பாதியில் படும் ஒளி மட்டும் பிரதிபலிப்பானில் பட்டுச் சாலையை நோக்கிக் கீழே சாயும். எதிரே வருகிறவர் கண் கூசாமல் இருப்பதெல்லாம் நகத்தளவுள்ள அந்தக் கிண்ணத்தின் கிருபை!

கடையில் கிடைத்த உபதேசம்

பல்பு வாங்கச் சென்ற கடையில், "60 வாட் எதற்கு ஸார்? 100 வாட் போடுங்கள், பகல் மாதிரி இருக்கும்" என்றார் கடைக்காரர். கணக்கு வாத்தியாரிடம் அவர் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர் மின்சாரம். 100 வாட் இழுப்பது 8.3 ஆம்பியர். கம்பியில் எழும் சூடு மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு சூடு! பல்பைச் செருகும் பிளக்கு இளகி உருகிவிடும். நெருப்புப் பற்றினாலும் ஆச்சரியமில்லை.

"அப்படியானால் வெள்ளை எல்.ஈ.டி. போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். அதில் சூடு குறைவு, மின்சாரமும் குறைவு என்பது மெய்தான். ஆனால் இழை இருக்கவேண்டிய இடத்துக்கென்று வார்த்த பிரதிபலிப்பானில், வேறு உருவமுள்ள ஒளி மூலத்தை வைத்தால் வெளிச்சம் கண்டபடி சிதறும். சென்ற வருஷம் என் வகுப்பு மாணவன் ஒருவன், மாலைப் பாடம் முடிந்து சைக்கிளில் போகும்போது, எதிரே வந்த வண்டியின் வெள்ளை வெளிச்சத்தில் கண் தெரியாமல் பள்ளத்தில் விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். வண்டி நிற்கவேயில்லை. ஓட்டியவருக்குத் தாம் செய்தது தெரிந்தே இராது. முன் விளக்கின் ஒளி எதிரே வருபவரைக் கூசச் செய்யாதபடி கீழ்நோக்கி இருக்கவேண்டும் என்று 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்லுகின்றன. கைப்புத்தகத்தில் கண்ட பல்பையே இரண்டாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

கை வைத்தோம்

நேயர்களில் இக்காரியத்தை வீட்டிலேயே செய்ய விரும்புவோருக்காக முறையைச் சொல்லுகிறேன்.

முதலில், நன்றாக எரியும் விளக்கைக் கொண்டு ஓர் அடையாளம் செய்துகொண்டோம். சமதரையில் ஒரு சுவருக்கு நேராக, இருபத்தைந்தடி தூரத்தில் வண்டியை நிறுத்தி, தாழ்ந்த ஒளியின் மேல் விளிம்பு விழும் இடத்தில் சாக்குக் கட்டியால் கோடு கிழித்தோம். சாக்குக் கட்டிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. பிறகு விளக்கை அணைத்து, சாவியை எடுத்து, அரைமணி நேரம் ஆற விட்டோம். எரிந்த ஹாலஜன் பல்பு கையைப் பொசுக்கிவிடும்.

முன் மூடியைத் திறந்தால் விளக்கின் பின்புறம் தெரியும். மூன்று தகடுகள் கொண்ட பல்பின்மேல் ஒரு பிளக்கு செருகியிருக்கும். கம்பியைப் பிடித்து இழுக்காமல், பிளக்கையே பிடித்து மெல்ல அசைத்து எடுக்கவேண்டும். அடுத்தபடி ரப்பர் உறை. இங்கேதான் என் படிப்பு நின்றுவிட்டது! பாட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் என் கை நுழையவில்லை. "நீங்கள் நகருங்கள் அப்பா" என்று மகள் தன் மெல்லிய கையை விட்டு உறையைக் கழற்றினாள். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி வில்லை அமுக்கி ஒருபுறமாகத் தள்ளியதும் பல்பு கைக்கு வந்துவிட்டது. அறுந்த இழை கண்ணுக்கே தெரிந்தது.

புதிய பல்பைப் பிடிக்கும்போது முக்கியமான நியமம் ஒன்று உண்டு. கண்ணாடியில் விரல் படவே கூடாது. உலோக அடியை மட்டுமே பிடிக்கவேண்டும். நம் விரலில் உள்ள எண்ணெய்ப் பசை அதில் ஒட்டினால், எரியும்போது அந்த இடம் மட்டும் மிகுதியாகக் காய்ந்து கண்ணாடி பலவீனப்பட்டுவிடும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்துவிடலாம். பல்புக்குள் வாயு அழுத்தமாக அடைத்திருப்பதால் உடைந்தால் தெறிக்கும். ஆகவே மூக்குக்கண்ணாடி அணிவது நலம்.

பல்பின் அடியில் மூன்று காதுகள் உண்டு. அவற்றிற்கேற்ற பள்ளங்களில் அவை சரியாக உட்காரவேண்டும். கோணலாக உட்கார்ந்தால் நான் சொன்ன கிண்ணமும் கோணலாகும். வெளிச்சம் எதிரே வருகிறவர் முகத்தில் போய் விழும். வில்லை மாட்டி, ரப்பர் உறையை மழைநீர் புகாதபடி சுற்றிலும் அழுத்தி, பிளக்கைச் செருகினால் முடிந்தது. இவ்வளவுக்கும் இருபது நிமிஷம் ஆயிற்று.

இடது விளக்கையும் அப்போதே மாற்றினோம். இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. ஒன்று போனால் மற்றதும் பின்தொடரத் தாமதமாகாது. எரிந்துகொண்டிருந்த பழைய பல்பைக் காகிதத்தில் சுற்றி வண்டிப் பெட்டியில் ஆபத்துக்கு உதவ வைத்தோம். இருட்டியதும் சுவருக்கு நேரே நிறுத்திப் பார்த்தோம். இரண்டு விளக்கின் விளிம்பும் சாக்குக் கோட்டின்மேல் ஒரே உயரத்தில் நின்றன.

எல்லா வண்டிக்கும் இது பொருந்தும் என்று நினைக்கலாகாது. சில வண்டிகளில் பாட்டரியையோ முன் தடுப்பையோ கழற்றினால்தான் கை எட்டும். ஸெனான் விளக்கை மூட்டும் மின்சாரம் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்டது. அதன் கிட்டே போகவேண்டாம். எல்.ஈ.டி.யோடு பிறந்த புது வண்டிகள் பலவற்றில் தனியாக மாற்ற பல்பே கிடையாது. புது பல்பு போட்டும் எரியாவிட்டால் பியூஸைப் பாருங்கள். அதுவும் மறுபடி மறுபடி போனால் மின்சார வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம்.

இப்போதெல்லாம் ஞாயிறுதோறும் சாயங்காலம் வண்டி அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்கிறது. நான் மறந்தாலும் என் மகள் விடுவதில்லை. "என்னப்பா, வீட்டுப் பாடம் முடிந்ததா?" என்று கேட்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாயில்லை.