இரும்பு கூடினாலும் ஆபத்து

பாலக்காட்டிலும் மூணாறு, தேவிகுளம் தோட்டங்களிலும் உள்ள நம்மவர் வீடுகளில், உடல் வெளுத்தால் "இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடு" என்பார்கள். நானும் அதைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால், இரும்பு மிகுதியாகச் சேரும் பரம்பரை நோய்களும் உண்டு. ஐரோப்பியரிடம் மிகுதியாகக் காணும் வகைக்கான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. நம் நாட்டில் அதைவிடத் தலசீமியாதான் அதிகம். இதில் ரத்தம் ஏற்றாவிட்டாலும் குடல் தேவைக்கு மேல் இரும்பை உறிஞ்சும். அதை வெளியேற்ற உடலுக்குத் தனி வழியில்லை, கல்லீரலில் படியும்.

குடல் நோய் வந்தால் கணக்கு மாறும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயில் சிறுகுடல் பழுதடைந்து இரும்பு ஏறாது. கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சும். பரம்பரை நோய் இப்படி மறைந்திருந்து, குடல் குணமானபின் வெளிப்படலாம்.

ஆகவே நண்பர்களே, மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நீங்களாக வாங்கியும் விழுங்காதீர்கள். ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.