சிலந்திப் பட்டு காஞ்சித் தறிக்கு வருமா?

2023 செப்டம்பரில் சீனாவில் கிளம்பிய ஒரு செய்தி இன்னும் கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது: சிலந்தி நூல் நூற்கும் பட்டுப்புழுவை உருவாக்கிவிட்டார்களாம், அந்த நூல் குண்டு துளைக்காத கெவ்லரை விட ஆறு மடங்கு உறுதியாம். காஞ்சிபுரத்துக்காரர் யார் படித்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான். அதில் சேலை நெய்யலாமா?

செய்தி பொய்யில்லை. ஷாங்காயில் உள்ள டோங்ஹுவா பல்கலைக்கழகத்தின் ஜுன்பெங் மி குழு 'மேட்டர்' என்ற ஆய்விதழில் வெளியிட்டது. சிலந்தியை நேராக வளர்த்து நூல் எடுக்க முடியாது. கூட்டமாக அடைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். திருவானைக்காவில் லிங்கத்துக்கு மேல் கூரை வேய்ந்த சிலந்தியும் தனியாகத்தான் வேலை பார்த்தது. 2012இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பொன்னிற மேலங்கி ஒன்றைக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்காக மடகாஸ்கரில் 12 லட்சம் சிலந்திகளைப் பிடித்து, நூலை இழுத்துக்கொண்டு, திரும்பக் காட்டில் விட்டார்கள். அழகு சரி, வியாபாரத்துக்கு ஆகாது.

பட்டுப்புழுவின் கதை வேறு. ஆயிரக்கணக்கில் ஒரே தட்டில் கிடந்தாலும் சண்டை இல்லை. மல்பெரி இலை போட்டால் போதும். அதனால் 'கிறிஸ்பர்' என்ற மரபணுக் கத்தரியைக் கொண்டு, புழுவின் பட்டுப் புரத மரபணுவில் ஒரு பகுதியை வெட்டி, சிலந்தி மரபணுவை அங்கே பொருத்தினார்கள். முட்டைகளுக்குள் நுண்ணூசியால் செலுத்தினார்கள், அதுவும் லட்சக்கணக்கான தடவை. பொருந்தியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கூடவே ஓர் அடையாள மரபணுவையும் சேர்த்திருந்தார்கள். ஒளிர்வு நுண்ணோக்கியின் கீழ் எந்தப் புழுவின் கண் சிவப்பாக மின்னியதோ, அதுதான் தேறிய புழு.

இனி அந்த 'ஆறு மடங்கு'. இங்கேதான் தலைப்புகள் சறுக்குகின்றன. நூலை இழுத்தால் எவ்வளவு விசையில் அறும் என்பது ஒரு கணக்கு. அறுவதற்குள் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கும் என்பது வேறொரு கணக்கு. முதல் கணக்கில் புது நூலின் அளவு சுமார் 1,300 மெகாபாஸ்கல். சாதாரணப் பட்டைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான், ஆனால் கெவ்லர் 3,000ஐத் தொடும். இரண்டாவது கணக்கில்தான் கெவ்லர் தோற்கிறது, ஏனென்றால் அது அதிகம் நீளாது. சிலந்திப் புரதமோ நீண்டு கொடுத்து அடியைத் தாங்கும். இரண்டையும் 'வலிமை' என்று ஒரே சொல்லில் அடைத்தால், கெவ்லர் கயிற்றைக் கழற்றிப் போட்டுவிடலாம் என்று வாசகர் நினைத்துக்கொள்வார்.

சரி, தறிக்கு வருவோம். பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் தெருவோடு தெருவாகப் பாவை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவது, நெய்யும்போது இழை அறாமல் இருக்கத்தான். காஞ்சிச் சேலையின் உறுதி ஒற்றை இழையில் இல்லை, பல இழைகளைச் சேர்த்து ஏற்றும் முறுக்கில் இருக்கிறது. கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் ஓட்டிக் கோத்து நெய்யும் கோர்வையிலும் இருக்கிறது. பாவில் அறாத நூல் கிடைத்தால் நெசவாளருக்கு முடிச்சுப் போடும் வேலை மிச்சம், அதை மறுக்க முடியாது. ஆனால் காந்தி ரோட்டுக் கடையில் சேலையைப் பிரிப்பவர் யாரும் இழுத்துப் பார்த்து வாங்குவதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்கிறார்கள். பசை நீக்கிய மல்பெரிப் பட்டிழையை வெட்டிப் பார்த்தால் ஏறக்குறைய முக்கோணமாக இருக்கும். அதன் பக்கங்கள் ஒளியைத் திருப்புவதில்தான் அந்த மினுமினுப்பு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்த மயில் கழுத்து நிறம் சாய்க்கச் சாய்க்க மாறுவதற்கும் இந்தப் பளபளப்பு துணை. சிலந்தியின் இழை பெரும்பாலும் உருண்டை. புது நூலும் அப்படியே இருந்தால், அறுவை சிகிச்சைத் தையலுக்கும் பாதுகாப்பு உடைக்கும் உருண்டை இழை போதும், முகூர்த்தச் சேலைக்குப் போதுமா என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

இதே மரபணு வேலையில் காஞ்சிக்கு இன்னும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு, அது தலைப்புக்கு வரவில்லை. ஐதராபாத் டிஎன்ஏ கைரேகை மற்றும் நோயறிதல் மையத்தில் ஜே. நாகராஜுவின் குழு, வைரஸைத் தன் உடலுக்குள்ளேயே அடக்கிவிடும் பட்டுப்புழுவை உருவாக்கியது. புழு வீங்கி, தோல் கிழிந்து, பால் போல நீர் வடிந்து சாகும் நோய்க்குக் காரணம் அந்த வைரஸ்தான். புழு வளர்ப்பு மனையில் புகுந்துவிட்டால் ஒரு தொகுதியே போய்விடும். காஞ்சி நெசவாளருக்கு நூல் கர்நாடகத்திலிருந்தும், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்தும் வருகிறது; அங்கே புழு செத்தால் இங்கே கோராப் பட்டின் விலை ஏறும். நாகராஜு 2012 கடைசியில் காலமானார். அந்தப் புழு இன்னும் விவசாயிகளின் தட்டுக்கு வந்து சேரவில்லை. கெவ்லரை வெல்வதை விட இதைத்தான் நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

சிலந்திப் பட்டு ஒருநாள் சந்தைக்கு வந்தால் கிளம்பப்போகும் வழக்கு சுவையானது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005–06இல். மல்பெரிப் பட்டில் நெய்வதே அதன் அடிப்படை. சிலந்தி மரபணு ஏறிய புழுவும் மல்பெரி இலையைத்தானே தின்கிறது? கடைக்காரர் ஓர் இழையை உருவிக் கொளுத்தி, முடி கருகும் வாடை வருகிறதா என்று முகர்ந்து காட்டும் சோதனை பாலியெஸ்டரைப் பிடித்துவிடும். இதைப் பிடிக்காது, இரண்டுமே புரதம், இரண்டிலும் ஒரே வாடைதான். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று நொடியில் சொல்லும் எக்ஸ்ரே கருவியும் கைகொடுக்காது. அது உலோகங்களைத்தான் பிரித்துக் காட்டும். புரதத்தைத் துண்டு துண்டாக்கி எடை போடும் நிறமாலைமானி வேண்டும், அது ஆய்வகத்துச் சாமான். விலை ஒரு தறியின் விலை இல்லை, ஒரு தெருவின் விலை.