ஒற்றி எடுத்த வண்ணம்

அரூப ஓவியர் வாசுதேவ் காய்தொண்டே (1924–2001) ஓர் ஆண்டில் முடித்த கித்தான்கள் பெரும்பாலும் ஐந்தாறுதான். கை ஓடிய நேரத்தைவிட யோசனையில் கழிந்த நேரமே அதிகம்.

நாக்பூரில் பிறந்த அவர், மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் 1948-இல் பட்டயம் பெற்றார். ஆரம்பத்தில் மனித உருவங்களை வரைந்தார். பால் கிளேயின் கோடுகள் அவரைப் பெரிதும் ஈர்த்தன. 1950-களின் இறுதிக்குள் உருவங்கள் மறைந்தன. தூரிகையும் மெல்ல ஒதுங்க, அதன் இடத்துக்கு ரோலரும் தட்டைக் கத்தியும் வந்தன.

தூரிகை ஓவியனின் கையைக் காட்டிக்கொடுத்துவிடும். இழுப்பின் வேகம், திசை, அழுத்தம் எல்லாம் தடமாகப் பதியும். ரோலர் அப்படியல்ல. வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பதுபோல வண்ணத்தை மெல்லிய படலமாகப் பரப்பிவிடும். அதன்மேல் இன்னொரு படலம், பிறகு இன்னொன்று. ஈரம் காயுமுன் கத்தியால் சில இடங்களைச் சுரண்டுவார். செய்தித்தாளிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ கிழித்த துண்டுகளைப் பதித்து ஒற்றி எடுப்பதும் உண்டு. தாளோடு மேல் வண்ணம் கொஞ்சம் வந்துவிட, அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். கிழிந்த ஓரமே வடிவமாகிவிடும். அவருடைய கித்தான்களில் படிக்க முடியாத எழுத்துகள்போல மிதக்கும் குறிகள் பலவும் இப்படிப் பிறந்தவை.

இதற்கு இடம் கொடுத்தது எண்ணெய் வண்ணத்தின் இயல்பு. அதிலுள்ள ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாவதில்லை; காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, நாள்கணக்கில் மெதுவாக இறுகும். அவசரப்பட்டு ஒற்றினால் வண்ணம் இழுபடும். தாமதித்தால் தாளில் எதுவும் ஒட்டாது. காத்திருப்பது இங்கே தொழில்நுட்பத்தின் ஒரு பகுதி. படலங்கள் மெல்லியவை என்பதால் ஒளி அவற்றை ஊடுருவி, அடிப்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. மஞ்சளும் காவியும் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தோன்றுவது அதனால்தான்.

ஜென் தத்துவத்திலும் ரமண மகரிஷியிடமும் அவருக்கு ஈடுபாடு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு அவர் ஓவியங்களைத் தியானம், மௌனம் என்றே பேசி முடித்துவிடுகிறார்கள். அந்த மௌனம் கத்தியாலும் கிழிந்த தாளாலும் உண்டாக்கப்பட்டது என்பதும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டியது. கண்ட எதையும் சுருக்கி வரைந்ததல்ல தன் ஓவியம் என்பது அவர் கட்சி. 'அரூபம்' என்ற முத்திரையையே அவர் ஏற்கவில்லை.

1964-இல் ராக்ஃபெல்லர் நிதியுதவியில் நியூயார்க் சென்றார். 1970-களில் டில்லியின் நிஜாமுதீன் பகுதிக்குக் குடிபெயர்ந்து, ஒரு சிறு வாடகை வீட்டில் வாழ்ந்தார். 1984-இல் ஒரு விபத்து. பெரிய கித்தானின் முன் நின்று வேலை செய்யும் வலு போய்விட்டதால் சில ஆண்டுகள் சிறிய தாளும் மையுமே கருவிகளாயின. சென்னை ஓவியர் ஆதிமூலத்தின் பாதை இதற்கு நேர் எதிர்: கறுப்பு மைக்கோடுகளால் பெயர் பெற்றபின் எண்ணெய் வண்ண அரூபங்களுக்கு வந்தவர் அவர். ஆதிமூலம் விரும்பிப் போனார். காய்தொண்டேயை உடல் போகவைத்தது. பின்னாளில் அவர் மீண்டும் கித்தானுக்குத் திரும்பினார்.

2013-இல் மும்பை ஏலத்தில் அவருடைய ஒரு கித்தான் 23 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோனது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருக்கென்று நடத்திய கண்காட்சியின் தலைப்பில், வாழ்க்கைக்கு முன்னால் செய்முறை இடம்பெற்றிருந்தது.