தொடையிடுக்கில் தோன்றும் அரிய கட்டிகள்

அடிவயிறும் தொடையும் சந்திக்கும் மடிப்பைத் தொடையிடுக்கு என்கிறோம். உள்ளங்கையளவேயுள்ள இவ்விடத்தில் காலுக்கு இரத்தங் கொண்டுசெல்லும் பெருந்தமனியும், அதனை மீட்டுக் கொணரும் சிரையும், முன்தொடைத் தசைகளை இயக்கும் நரம்பும், நிணநீர்க் கணுக்களும், ஆடவர்க்கு விதைக்குச் செல்லும் நாளங்களடங்கிய வடமும் நெருங்கி அமைந்துள்ளன. ஆதலின் இங்கே எழும் கட்டி எதனிற் பிறந்ததென்று துணிதல் எளிதன்று.

பெரும்பான்மையும் அது சாதாரணமானதே. காலிற் புண் உண்டாயின் நெறிகட்டும். புண் ஆறவே அதுவும் தணியும். குடலிறக்கமாயின் இருமும்போது புடைத்து, படுத்தால் பெரும்பாலும் உள்ளடங்கும். வெறுங் கொழுப்புக் கட்டி பல்லாண்டு இருந்தும் தீங்கு செய்யாது.

அரியவை இவற்றின் வேறானவை. கொழுப்பு, தசை, நார் முதலிய மென்திசுக்களிற் பிறக்கும் புற்றைச் சார்க்கோமா என்பர். வயது வந்தோர்க்கு வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்கு ஒன்றளவே. ஆயினும் ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகளையுடையது. விதை வடத்தில் வயது வந்தோர்க்கு மிகுதியும் வருவது கொழுப்பிற் பிறக்கும் லைப்போசார்க்கோமா. சிறுவர்க்கு வருவது தசைவழிப்பட்ட ராப்டோமயோசார்க்கோமா. முன்னையது வலியின்றி மெல்ல வளர்வதால், குடலிறக்கமென்று கருதி அறுத்தபின்னரே வெளிப்படுதலும் உண்டு.

ஐயுறுதற்குரிய குறிகள் சில. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேற்படுதல், வளர்ந்துகொண்டே வருதல், தசையுறைக்குக் கீழே ஆழ்ந்திருத்தல், முன்னர் எடுத்த இடத்திலேயே மீண்டும் எழுதல் என்பனவாம். இவற்றுள் ஒன்று காணினும் கத்தியை எடுக்குமுன் ஆராய்தல் வேண்டும்.

அவ்வாராய்ச்சிக்கு ஒரு முறையுண்டு. முதலில் ஒலியலைப் படம். பின்னர், கட்டி தமனி, சிரை, நரம்புகளை எவ்வாறு தழுவியுள்ளதெனக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம். அதன்பின் துளையுள்ள தடித்த ஊசியாற் சிறு துண்டெடுத்து நுண்ணோக்கியில் நோக்குவர். ஊசி செல்லும் வழியிலும் நோயணுக்கள் தங்கக்கூடுமாதலால், பின்னர் அறுக்கப்போகும் கோட்டின்மீதே அதனைச் செலுத்துதல் முறை. வெறுங் கொழுப்புக் கட்டியோ புற்றோ என்று ஐயம் நேரின், 12-ஆம் குரோமோசோமிலுள்ள எம்.டி.எம்.2 என்னும் மரபணு பெருகியிருத்தல் புற்றைக் காட்டிக்கொடுக்கும். இந்நோய் பெரும்பாலும் முதலிற் பரவுமிடம் நுரையீரலாதலின் மார்பையும் ஸ்கேன் செய்து பார்ப்பர்.

இத்துணை முன்னேற்பாடு எதற்கெனின் கூறுதும். சார்க்கோமாவைச் சூழ்ந்து உறைபோல ஒன்று தோன்றும். அதனின்று கட்டியை எளிதிற் பிதுக்கி எடுத்துவிடலாமென்று மயங்குதல் இயல்பு. உண்மையில் அவ்வுறையிலும் நோயணுக்கள் உள. பிதுக்கி எடுத்தால் அவை எஞ்சி மீண்டும் முளைக்கும்; இரண்டாவது அறுவை முதலாவதினும் பெரிதாகும். ஆகவே கட்டியைக் காணாமலே, அதனைச் சூழ்ந்த நல்ல திசுவோடு ஒருங்கே எடுத்தல் வேண்டும். விதை வடத்தில் எழுந்ததாயின் வடத்தை மேலே கட்டி விதையோடு நீக்குவர். பெருங்குழாய்களைப் பற்றியிருந்தால் அப்பகுதியை நீக்கி மாற்றுக்குழாய் இணைப்பதும் இயலும்.

முற்காலத்தில் கை கால்களில் இந்நோய் வந்தால் உறுப்பையே துணித்தனர். 1982-இல் அமெரிக்காவில் வெளியான 43 நோயாளரின் ஆய்வில், உறுப்பைக் காத்து அறுத்துக் கதிர்வீச்சளித்தவரும் உறுப்பிழந்தவரும் ஏறக்குறைய ஒப்பவே பிழைத்தமை தெளிந்தது. கதிர்வீச்சை எப்பொழுது அளிப்பதென்பதும் ஆராயப்பட்டது. 2002-இல் வெளியான கனடா ஆய்வில், அறுவைக்கு முன் பெற்றவர்க்குப் புண் ஆறுவதில் 100-க்கு 35 பேர்க்கும், பின் பெற்றவர்க்கு 17 பேர்க்கும் தொல்லை நேர்ந்தது. முன்னளிப்பதிற் கதிரின் அளவு குறைவென்பது அதன் நன்மை. சிறுவர்க்கு வரும் ராப்டோமயோசார்க்கோமாவுக்கு மருந்துச் சிகிச்சையும் இன்றியமையாதது. டெஸ்மாய்டு என்னும் நார்க்கட்டியோ பிறவிடங்களுக்குப் பரவாதது; அதனை உடனே அறுக்காது கவனித்திருத்தலே இன்று பெரிதும் முதற்கண் கைக்கொள்ளும் முறை.

தொடையிடுக்கு மறைவிடமாதலின், வெட்கத்தால் திங்கட்கணக்கில் வாளாவிருப்போர் உளர். கட்டி வெட்கத்திற்குரியதன்று, காலந்தாழ்த்தலே கேடு. நம் மாணாக்கர் தம் வீட்டாரிடத்தேனும் அயலாரிடத்தேனும் இத்தகைய கட்டியைப் பற்றிக் கேள்வியுற்றால் இரண்டு சொற்களை நினைவூட்டுவாராக: மறைக்கவேண்டாம், ஆராயாமல் அறுக்கவும் வேண்டாம்.