கந்தையும் காந்தாவும்

துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவை நழுவாதபடி நெடுகத் தையல் ஓட்டி, ஒரே விரிப்பாகவோ போர்வையாகவோ ஆக்கும் கைத்தொழில் உலகின் பல நாடுகளில் உண்டு. மேலே ஒரு துணி, அடியில் ஒரு துணி, இடையே பஞ்சு அல்லது பழந்துணி என்பது அதன் பொது அமைப்பு. வங்காளத்தில் இதற்குக் காந்தா என்று பெயர். அப்பெயருக்கு மூலமான ‘கந்தா’ என்னும் வடசொல்லே தமிழில் ‘கந்தை’ என வழங்குகிறது. ஆயினும் அங்கே அச்சொல் அருங்காட்சியகங்கள் போற்றிக் காக்கும் ஒரு கலையின் பெயராக உயர, இங்கே வறுமையைச் சுட்டும் சொல்லாகவே நின்றுவிட்டது. தமிழ்நாட்டிலும் தொழில் இருந்தது; அதற்குரிய மதிப்பான பெயர்தான் அமையவில்லை.

ஒட்டுப் போட்ட துணி எக்காலத்தும் இழிவாகக் கருதப்பட்டதன்று. எறியப்பட்ட துணிகளைப் பொறுக்கித் துவைத்துத் தைத்து உடுத்துவது பௌத்தத் துறவியரின் ஒழுக்கங்களுள் ஒன்று. அவர்களது ஆடையான சீவரம் அமைந்த வகையை துறவியர் ஒழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கம் கூறுகிறது: மகத நாட்டு வயல்கள் வரப்புகளால் பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடப்பதைக் காட்டி, அவ்வாறே துண்டுகளை இணைத்து ஆடை அமைக்க இயலுமா எனப் புத்தர் தம் சீடர் ஆனந்தரைக் கேட்க, அவரும் அமைத்துக் காட்டினார். திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையின் மேல் நின்று கலசப்பாக்கத்துப் பக்கத்து வயல்வெளியைப் பார்த்தவர்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டியதில்லை. சீனத்தின் துன்ஹுவாங் பௌத்தக் குகையிலிருந்து ஆய்வாளர் ஆரல் ஸ்டெயின் 1907-இல் பெற்ற, பட்டுத் துண்டுகளை ஒட்டித் தைத்த விரிப்பொன்று இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அதே மாவட்டத்து ஆரணிப் பட்டு வட்டார ஊர்களுக்கு இணைப்பு வேலை புதிதன்று. ஊசிக்கு முன்பே, தறியிலேயே அது தொடங்கிவிடுகிறது. தறியில் நீளவாக்கில் செல்லும் இழைத் தொகுதியான பாவு நெய்து தீரும்போது, எஞ்சி நிற்கும் பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப்பாவின் இழை ஒவ்வொன்றையும், விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறார்கள். அவ்விழைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அத்தனை பாடுபட்டு நெய்த பட்டு, நைந்தபின் விரிப்பாவதில்லை. பொன்முலாம் பூசிய வெள்ளிச் சரிகைக்காகப் பழம்பட்டு விலைபோய், உருக்கப்பட்டு வெள்ளியாகிவிடுகிறது. விரிப்பாகும் பேறு நூல் புடவைக்கே வாய்த்தது.

ஐந்தரை மீட்டர்ப் புடவையை மூன்றாக மடித்தால் ஏறத்தாழ 1.8 மீட்டர், அதாவது ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கும் நீளம் கிடைக்கிறது. கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. கிழிந்த பகுதி உள்மடிப்புக்குப் போக, கெட்டியான முந்தானை வெளியே வருகிறது. நான்கு ஓரங்களையும் தைத்தபின், ஊசி மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்லும் ஓட்டுத்தையலை விரற்கடை இடைவெளியில் வரிவரியாகப் போட வேண்டும். நூலை இறுக்கினால் துணி சுருங்கும், தளரவிட்டால் அடுக்கு நழுவும். இரண்டுக்கும் நடுவே கை நிற்கப் பழகுவதே இத்தொழிலின் நுட்பம். வடநாட்டு ரஜாய்ப் போர்வையைப் போலப் பஞ்சு அடைக்கும் தேவை இந்த வெப்பத்தில் இல்லை. பல்லாண்டுத் துவைப்பில் கஞ்சியின் விறைப்பெல்லாம் போய் இழை இளகிய பருத்திக்கு உள்ள மென்மை, கடையில் வாங்கும் எந்தப் புதுத்துணிக்கும் இல்லை.

இக்கலைக்குச் சோழமண்டலக் கடற்கரை அளித்த பங்கு இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை. சாயவேரின் சிவப்பிலும் அவுரியின் நீலத்திலும் பூவும் மரமும் எழுதிய பருத்திக் கட்டில்விரிப்புகள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இங்கிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. உள்நாட்டு நெசவு நலியும் என்று அஞ்சி, பிரான்ஸ் 1686-இலும் இங்கிலாந்து 1700, 1721-ஆம் ஆண்டுச் சட்டங்களாலும் அச்சுத்துணிகளுக்குத் தடை விதித்தன. விலைமதிப்பு மிக்க அத்துணியின் ஒரு பூவைக்கூட வீணாக்க மனமில்லாத பெண்கள், ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் வெட்டி வெறுந்துணிமேல் பதித்துத் தைத்தனர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது தனியொரு போர்வைக் கலையாக வளர்ந்தது. பிற்காலத்தில் அதற்குப் பாரசீகப் பூவேலை என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் சூட்டப்பட்டது நியாயமன்று.

இத்தகைய போர்வை மனத்தைப் பிடித்து வைப்பது அழகினால் மட்டுமன்று. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாக இருந்தோரின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் வாழும் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், மிசூரி பெட்வே என்பவர் மறைந்த கணவரின் வேலை உடைகளை 1942-இல் பிரித்துப் போர்வையாகத் தைத்துப் போர்த்திக்கொண்டார். அவ்வூரில் அவ்வாறு தைத்த போர்வைகளில் முழங்கால் தேய்ந்த வெளிறலும் சட்டைப்பை இருந்த இடத்தின் வெளுக்காத சதுரமும் அப்படியே தெரியும். 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவர்களில் அவ்வூர்ப் போர்வைகள் தொங்கியபோது, உலகம் அவற்றை ஓவியங்களுக்கு நிகராக வைத்துப் பேசியது.

தமிழ்நாட்டில் இத்தொழில் தளர்ந்ததற்குக் கைகள் சோர்ந்தது மட்டும் காரணமன்று, துணியே மாறிவிட்டது. அன்றாடப் புடவையாகப் பாலியெஸ்டர் வந்தபின் நைந்து இளகும் துணி வீட்டில் சேர்வதில்லை. அத்துணி எத்தனை முறை துவைத்தாலும் மெத்தென்று ஆவதில்லை, ஈரத்தை இழுப்பதுமில்லை. பிள்ளைப்பேறு நெருங்கும் வீடுகளில் மட்டும், தூளி கட்டவும் குழந்தையைக் கிடத்தவும் புதுத்துணி ஆகாது என்று, பாட்டி உடுத்தித் தேய்ந்த நூல் புடவையைப் பெட்டியின் அடியிலிருந்து இன்னும் தேடி எடுக்கிறார்கள்.