டவர் எந்த மாநிலம்? ஓசூர் எல்லையில் ஸ்மார்ட்போன் கடந்து வந்த கோடுகள்

ஸ்மார்ட்போன் இந்தியாவுக்கு வந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 2008 ஆகஸ்ட் 22-ல் தொடங்குவார்கள். அன்றுதான் ஏர்டெல்லும் வோடஃபோனும் ஐபோன் 3ஜி-யை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தன. 8 ஜிபி போனின் விலை 31,000 ரூபாய். அதற்கு ஆறு வாரம் முன்பு, ஜூலை 10-ல், ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரை ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறந்திருந்தது. மறு ஆண்டே எச்டிசி மேஜிக் என்ற ஆண்ட்ராய்டு போனும் வந்து சேர்ந்தது. விலை, கேமரா, திரை, செயலிகளின் எண்ணிக்கை என்று அன்றைய விவாதங்கள் எல்லாம் கருவியைச் சுற்றியே ஓடின.

ஓசூர்க்காரர்களுக்கு இந்தக் கதை வேறு இடத்தில் தொடங்கியது. அப்போது, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜூவாடியில் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் போனுக்கு, 'கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்' என்று எஸ்எம்எஸ் வரும். அவர் ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டார். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவருக்கு வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் பேலன்ஸில் காசு குறையும். ஒரு கருவியால் யாருக்கு எவ்வளவு பயன் என்பதை அந்தக் கருவியைவிட, அதைச் சுற்றி அரசும் நிறுவனங்களும் போட்ட கோடுகளே தீர்மானித்தன. அதை இந்த எல்லையைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை.

ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். எலக்ட்ரானிக் சிட்டி அதில் பாதித் தூரம். கிருஷ்ணகிரி 50 கிலோமீட்டர், சென்னையோ 300-க்கும் மேல். 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தபோதே இந்த ஊரின் வாழ்க்கை இரண்டு பக்கமும் பரவிவிட்டது. வீடு ஓசூரில், வேலை அந்தப் பக்கம் பொம்மசந்திராவில். மருத்துவமனை பெங்களூருவில், ரேஷன் கார்டு தமிழ்நாட்டில். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் கேட்கும். ஆனால் தொலைத்தொடர்புத் துறை நாட்டை 'வட்டங்கள்' என்று பிரித்தபோது, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பக்கம் தமிழ்நாடு வட்டம், அந்தப் பக்கம் கர்நாடக வட்டம்.

அந்தக் கோடு போனுக்குள் எப்படி வேலை செய்தது? ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஓர் எண் அடையாளம் உண்டு. இந்தியாவில் அந்த எண் நிறுவனத்துக்கு ஒன்றாக இல்லாமல் வட்டத்துக்கு ஒன்றாகக் கொடுக்கப்பட்டது. ஏர்டெல்லுக்குத் தமிழ்நாட்டில் 404-94, கர்நாடகத்தில் 404-45. பெயர்ப்பலகை ஒன்றாக இருந்தாலும், சிம் அட்டையின் கண்ணுக்கு அவை இரண்டு வேறு நெட்வொர்க்குகள். டவரின் அலை மாநில எல்லைக் கல்லைப் பார்த்து நிற்காது, பல கிலோமீட்டர் தூரம் தாண்டி வரும். சொந்த டவர் மங்கும் இடத்தில் போன் பக்கத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த பிறகு உடனே திரும்பியும் வராது. சொந்த நெட்வொர்க் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கும் இடைவெளி, 6 நிமிடத்தின் மடங்குகளாக, சிம்மிலேயே பதிந்திருக்கும். அடுத்த தேடல்வரை அந்தப் போன் கர்நாடகத்தில் இருப்பதாகவே கணக்கு.

இதற்கு எல்லையோர ஊர்களில் ஒரு கைவைத்தியம் இருந்தது. செட்டிங்ஸில் போய் நெட்வொர்க் தேர்வை 'ஆட்டோமேட்டிக்'கிலிருந்து 'மேனுவல்' ஆக்கிவிடுவார்கள். ரோமிங் போகாது. ஆனால் சொந்த டவர் கிடைக்காத மூலையில் போன் செத்துக் கிடக்கும். அவசரத்துக்கு யாராவது கூப்பிட்டால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்ற பதிவுக்குரல்தான் பதில் சொல்லும். காசா, தொடர்பா என்பதை அன்றாடம் தேர்ந்தெடுத்தபடி வாழ்ந்த மக்கள் இவர்கள்.

காசின் அளவையும் சொல்ல வேண்டும். 2003-லேயே இந்தியாவில் உள்வரும் அழைப்பு இலவசமாகிவிட்டது. ரோமிங்கில் மட்டும் ஆகவில்லை. 2007-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த உச்சவரம்பின்படி ரோமிங்கில் வரும் அழைப்புக்கு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு. ஐந்து நிமிடம் பேசினால் 8 ரூபாய் 75 காசு, அதுவும் எடுத்தவர் தலையில். 10 ரூபாய்க்கு டாப்-அப் போட்டுக்கொண்ட காலம் அது. மிஸ்டு கால் இங்கே ஒரு தனி மொழியாகவே வளர்ந்தது. ஒருமுறை அடித்தால் கம்பெனி பஸ் ஏறியாச்சு, இரண்டுமுறை அடித்தால் கீழே வா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஏற்பாடு.

இரண்டாவது வழி இரண்டு சிம். சட்டைப்பையில் ஒன்று தமிழ்நாடு, ஒன்று கர்நாடகா. முதலில் இரண்டு போன்கள், பிறகு இரட்டை சிம் போன். விலை குறைந்த சீனத் தயாரிப்புகளும் மைக்ரோமேக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் இந்தத் தேவையை முதலில் புரிந்துகொண்டன. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் கோடிக்கணக்கில் போன் தயாரித்த நோக்கியா, தன் முதல் இரட்டை சிம் போன்களை 2010-ல்தான் அறிவித்தது. ஐபோனில் இரண்டு சிம் வர 2018 ஆனது. ஓசூர்த் தொழிலாளிக்கு அன்று மிகவும் தேவைப்பட்ட வசதி, உலகத்தின் மிகச் சிறந்த போன் என்று புகழப்பட்ட கருவியில் பத்தாண்டுகள் இல்லை. தொடக்கக்கால ஸ்மார்ட்போன் மதிப்புரைகளைப் புரட்டினால் இந்தக் குறையைக் குறையாகவே எண்ணாமல் கடந்திருப்பது தெரியும். எழுதியவர்கள் ஒரே வட்டத்துக்குள் வாழ்ந்தவர்கள்.

செயலிகள் வந்தபோது கோடு இன்னும் ஆழமானது. 2010-ல் நடந்த 3ஜி ஏலத்தில் தமிழ்நாடு வட்டத்தை ஏர்டெல், வோடஃபோன், ஏர்செல் எடுத்தன. கர்நாடகத்தை ஏர்டெல், டாடா, ஏர்செல் எடுத்தன. அதாவது வோடஃபோனுக்கு ஓசூரில் 3ஜி உரிமை உண்டு, அத்திப்பள்ளியில் கிடையாது. வோடஃபோனின் தமிழ்நாடு எண் வைத்திருந்தவர் தடையின்றி ஓடிய இணைப்போடு பஸ் ஏறி, செக்போஸ்ட் தாண்டியதும் 2ஜி-யில் திணறும் நிலை. நிறுவனங்கள் தங்களுக்குள் 3ஜி-யைப் பகிர்ந்துகொள்ள ஒப்பந்தம் போட்டன. தொலைத்தொடர்புத் துறை அதைத் தடுத்தது. 2014 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுவனங்களின் பக்கம் தீர்ப்புச் சொல்லும்வரை இழுபறி நீடித்தது. டேட்டா பேக்குகளிலும் பல, சொந்த வட்டத்துக்குள் மட்டுமே செல்லும். வெளியே 10 கேபி-க்கு 10 காசு என்ற சாதாரணக் கட்டணம். கேட்கச் சின்னதாக இருக்கும், கூட்டிப் பார்த்தால் ஒரு எம்பி-க்கு 10 ரூபாய். ஐந்து எம்பி செயலி ஒன்றை எலக்ட்ரானிக் சிட்டியில் நின்று இறக்கினால் 50 ரூபாய் போய்விடும். செயலியின் விலை 'இலவசம்' என்றே கடையில் போட்டிருக்கும்.

இடம் காட்டும் செயலிகளுக்கும் எல்லை ஒரு குழப்பம். கூகுள் மேப்ஸ் 2007 இறுதியில் 'மை லொகேஷன்' வசதியைக் கொடுத்தபோது, ஜிபிஎஸ் இல்லாத போன்களில் அது டவரை வைத்துத்தான் இடத்தைக் கணித்தது. பிடித்த டவர் கர்நாடகத்தினுடையது என்றால் வரைபடத்தில் ஆளும் அந்தப் பக்கமே.

அடுத்த கோடு எழுத்து. தொடக்கக்கால ஸ்மார்ட்போன்களில் தமிழ் தளத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும், அல்லது கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். அதற்கும் ஒரு வழியைப் பயனாளர்களே கண்டுபிடித்துப் பரப்பினார்கள். ஓபரா மினி உலாவியின் முகவரிப் பட்டையில் opera:config என்பதை ஆங்கிலத்தில் அடித்து, வரும் பட்டியலின் அடியில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டும் தேர்வை 'எஸ்' ஆக்க வேண்டும். உடனே ஓபராவின் சர்வர் தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும். டேட்டா கூடுதலாகச் செலவாகும், ஆனாலும் படிக்க முடிந்தது. தட்டச்சுப் பக்கத்தில் மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே சிங்கப்பூரில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்திருந்தது, பின்னர் ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. பெரிய நிறுவனங்கள் தாமதித்த இடத்தில் ஒரு தமிழர் பொறுமையாகச் செய்த அந்த வேலைக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆண்ட்ராய்டில் 4-ஆம் பதிப்புக்குப் பிறகே தமிழ் ஒழுங்காகத் தெரியத் தொடங்கியது. கன்னடமும் தெலுங்கும் மலையாளமும் 2012-ல் 4.1 பதிப்பில் சேர்ந்தன. தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்கும் ஓசூருக்கு அந்தப் பதிப்பு வந்த பிறகுதான் ஒரு முழுப் போன் கிடைத்தது என்று சொல்வேன்.

கட்டணக் கோடு படிப்படியாகத்தான் அழிந்தது. 2012-ன் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை ரோமிங் கட்டணம் இல்லாத நாடு என்பதை இலக்காக அறிவித்தது. 2013 ஜூலையில் உள்வரும் அழைப்பின் வரம்பு 75 காசுக்கும், 2015 மே மாதத்தில் 45 காசுக்கும் இறங்கியது. அதே ஆண்டு ஜூனில் பிஎஸ்என்எல் ரோமிங்கில் உள்வரும் அழைப்பை இலவசமாக்கியது. ஜூலை 3 முதல் வட்டம் மாறினாலும் எண்ணை மாற்ற வேண்டியதில்லை என்றானது. 2016 செப்டம்பர் 5-ல் ரோமிங் கட்டணமே இல்லாமல் ஜியோ வந்தது. அடுத்த ஏப்ரலில் ஏர்டெல்லும் ரோமிங் கட்டணத்தைக் கைவிட்டது.

அந்த 2016 செப்டம்பர் 5-ஐ இந்த எல்லை வேறு காரணத்துக்காகவும் மறக்காது. அதே நாளில்தான் காவிரியில் நொடிக்கு 15,000 கனஅடி வீதம் பத்து நாள் தண்ணீர் திறக்கும்படி உச்ச நீதிமன்றம் கர்நாடகத்துக்கு உத்தரவிட்டது. ஒரு வாரத்தில் பெங்களூரு பற்றி எரிந்தது. முகநூலில் எழுதியதற்காக ஒரு தமிழ் இளைஞரைப் பிடித்து அடித்த காட்சி வாட்ஸ்அப்பில் பரவியது. இங்கிருந்து பதிலடிக் காட்சிகள் அங்கே போயின. செப்டம்பர் 12-ல் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்களும் லாரிகளும் கொளுத்தப்பட்டன. பஸ்கள் எல்லையில் நின்றுவிட, பெட்டியும் பிள்ளையுமாக ஜனங்கள் அத்திப்பள்ளியிலிருந்து நடந்தே வந்தார்கள். போனுக்கு எல்லை திறந்த அதே வாரத்தில் சாலைக்கு எல்லை மூடியது. மலிவான டேட்டா ஒற்றுமையைக் கொண்டுவரும் என்று அப்போது நம்பிக்கையோடு எழுதப்பட்டதை எல்லாம் இந்த ஒரு வாரத்தோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எல்லையின் இரு பக்கமும் உறவு வைத்திருக்கும் ஓசூர்க் குடும்பங்கள், வீடியோவை நம்பாமல் ஒரு போன் போட்டு 'நீங்க பத்திரமா?' என்று கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வதந்தியைப் பரப்பியதும் அதை முறித்ததும் ஒரே கருவி.

2020-ல் கொரோனா வந்தபோது கோடு இணையதள வடிவத்தில் திரும்பியது. தமிழ்நாட்டு இ-பாஸ் ஒரு தளத்தில், கர்நாடகப் பதிவு 'சேவா சிந்து' என்ற இன்னொரு தளத்தில். இரண்டிலும் விண்ணப்பிக்கத் தெரிந்தவருக்குத்தான் வேலைக்குப் போகும் வழி. ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் அடையாள அட்டையோடு போன் திரையையும் நீட்ட வேண்டியிருந்தது.

இப்போது உத்தனப்பள்ளி அருகே நாகமங்கலத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோனின் வெளிக்கூட்டைச் செய்கிறது. ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் ஐபோன் தயாரிப்புக்குப் பயிற்சி பெறுவதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓசூர் ஆலையைக் குறிப்பிட்டுச் சொன்னார். 2024 செப்டம்பர் 28-ல் அந்த ஆலையின் ரசாயனப் பகுதியில் தீப்பிடித்து உற்பத்தி நின்றது. போன் என்றால் கடைக் கண்ணாடிக்குள் மின்னும் பொருள் என்று நினைத்திருந்தவர்களுக்கு, அது ரசாயனத் தொட்டியும் இரவு ஷிப்ட்டும் விடுதி அறையும் சேர்ந்தது என்பதை அன்றைய புகை காட்டியது. தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு, புது மாடல் வெளியீட்டைப் பற்றிய பேச்சின் கால்வாசியாவது நடக்க வேண்டும்.

இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கே அஞ்செட்டியிலும் பெட்டமுகிலாளத்திலும் மலைக் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்கே இன்னும் 'டவர் கிடைக்கல' என்பதுதான் பேச்சு. சிக்னல் பிடிக்க மேட்டுக்கு ஏறுகிறார்கள். காரணங்கள் தெரிந்தவைதான். காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் காப்புக் காடுகளும் சூழ்ந்த இடம், கம்பி இழுக்க வனத்துறை அனுமதி வேண்டும், மின்சாரம் நிலையில்லை, வாடிக்கையாளர் குறைவு என்பதால் தனியார் நிறுவனங்களுக்கு அக்கறையும் இல்லை. இணைப்பே இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் தந்தது. பணம் இருக்கிறது, டவர் வைக்க பிஎஸ்என்எல் இருக்கிறது. வனத்துறை, மின்வாரியம், பிஎஸ்என்எல் மூன்றையும் ஒரே நாளில் ஒரே மேசையில் உட்காரவைத்து, குடியிருப்பு வாரியாகத் தேதி வாங்க வேண்டும். அந்த அதிகாரம் கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்துக்கு இருக்கிறது.